மூடிய பெற்றோல் செட்டும் நம் பீலித் தண்ணீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலத்தடி நீர் மாதிரி எடுப்பது என் வேலை. மலையகத்தில் எந்தப் பஜாரில் போய் இறங்கினாலும், குழாயையும் குப்பிகளையும் கண்டதும் நாலு பேர் கூடிவிடுவார்கள். கேட்பது தோட்டத் தொழிலாளர் லயத்து அக்காவாக இருந்தாலும் கடை முதலாளியாக இருந்தாலும், மூடிய பெற்றோல் செட்டின் எண்ணெய் கிணற்றிலும் பீலியிலும் (ஊற்று நீர் வந்து விழும் குழாய்) கலக்குமா என்ற சந்தேகங்கள் ஏறத்தாழ ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஓரிடத்தில் சொன்னதை மறுபடி சொல்லாமல், கேள்வியின் எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. செட்டை மூடிப் பல வருடமாகிறது. பம்பையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இனி என்ன வரப்போகிறது?

பம்பு இருந்தது தரைக்கு மேலே. எரிபொருள் இருந்தது தரைக்குக் கீழே. பழைய செட்களில் ஆயிரக்கணக்கான லீற்றர் கொள்ளும் இரும்புத் தாங்கிகளைப் புதைத்து, அங்கிருந்து பம்புவரை குழாய் இழுத்திருப்பார்கள். ஒற்றைச் சுவர் கொண்ட அந்த இரும்பு ஈர மண்ணில் துருப்பிடிக்கும். குழாய் மூட்டுகள் தளரும். சொட்டுச் சொட்டாகப் போகும் கசிவு விற்பனைக் கணக்கில் தெரியாது. பவுசரிலிருந்து இறக்கும்போது சிந்தியதையும் யாரும் எழுதி வைப்பதில்லை.

இப்படி வருடக்கணக்கில் இறங்கிய எண்ணெய் மண் துகள்களுக்கு இடையே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வியாபாரம் நின்றதால் அது போய்விடாது. தாங்கியைத் தோண்டி எடுக்காமல் மேலே கொங்கிறீட் போட்டு மூடியிருந்தால், அடியில் மிச்சம் கிடந்த எரிபொருளும் அங்கேயே இருக்கக்கூடும். இன்னொன்றும் உண்டு. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல்தான் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் இயங்கிய செட் என்றால் ஈயத்தையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பலரும் கேட்க மறக்கும் சோதனை இது.

2. எண்ணெய் தண்ணீரில் மிதக்கும்தானே? அடியிலிருந்து எடுத்தால் நல்ல தண்ணீர் வராதா?

பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய் மூன்றும் தண்ணீரை விட இலேசானவை. நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன்மேல் படலமாகப் பரவும். அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் பெற்றோல் ஒரே பொருள் அல்ல, பல பொருட்களின் கலவை. அதில் உள்ள பென்சீன், தொலுயீன், எதில்பென்சீன், சைலீன் ஆகிய நான்கும் தண்ணீரில் ஓரளவு கரைகின்றன. கரைந்த பிறகு அவை மிதப்பதில்லை. தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும்.

இந்த நான்கில் பென்சீன்தான் மிகவும் அஞ்ச வேண்டியது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயமின்றி நிறுவப்பட்ட பொருள் அது. குடிநீரில் லீற்றருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. நூற்றில் ஒரு பங்கு பென்சீன் உள்ள ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறக்குறைய 7 கிராம் பென்சீன் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால், அது முழுவதும் கரைந்தால் 7 இலட்சம் லீற்றர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். ஒரே ஒரு லீற்றர் பெற்றோல், ஒரு லயத்து மக்கள் வருடக்கணக்கில் குடிக்கும் தண்ணீருக்குச் சமன்.

3. எங்கள் பீலித் தண்ணீரில் வாடையே இல்லை. அப்படியானால் பயமில்லைதானே?

நான் மிக அதிகம் கேட்ட கேள்வி இது. மூக்கை நம்பாதீர்கள். தண்ணீரில் பென்சீனின் சுவை தெரியவே லீற்றருக்கு அரை மில்லிகிராமாவது வேண்டும். அது மேலே சொன்ன எல்லையைப் போல 50 மடங்கு. வாடை தெரிய அதைவிடவும் கூடுதலாக வேண்டும். ஆகவே வாடை வந்தால் ஆபத்து உண்டு என்று கொள்ளலாம். வாடை வராததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

சில சமயம் வாடை வருவதும் தொலுயீன், எதில்பென்சீன் போன்றவற்றால்தான். அவை குறைந்த அளவிலேயே மூக்குக்கு எட்டிவிடும். அவற்றின் வாடை போய்விட்டது என்பதற்காகப் பென்சீனும் போய்விட்டது என்று ஆகாது.

4. கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடாதா? இல்லாவிட்டால் வடிகட்டி வாங்கி வைக்கட்டுமா?

கொதிக்க வைப்பது கிருமிக்கான வைத்தியம். எரிபொருள் கலந்த தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பென்சீன் ஆவியாகிக் குசினிக்குள் நிறையும். லயன் அறைக் குசினியில் சன்னலே சிறியது. அதைத் தாயும் பிள்ளைகளும்தான் சுவாசிப்பார்கள். டீசலின் கனமான பகுதி அப்படியும் போகாமல் பானையிலேயே நிற்கும்.

கரி வடிகட்டி, அதாவது செயலூட்டிய கரி நிரப்பியது, இந்தப் பொருட்களைப் பிடிக்கும். ஆனால் கரி நிறைந்த பிறகு பிடிப்பதில்லை, அது நிறைந்துவிட்டதை எந்த அடையாளமும் காட்டாது. சோதனை இல்லாமல் வடிகட்டியை மட்டும் நம்புவது சரியல்ல. மாசு உறுதியானால் செய்ய வேண்டியது வேறு இடத்திலிருந்து தண்ணீர் கொண்டுவருவதுதான். பவுசரோ, வேறு ஊற்றிலிருந்து குழாயோ, எது முடியுமோ அது. அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம்.

5. பீலிக்கரையில் வானவில் நிறத்தில் படலம் மிதக்கிறது. செட்டிலிருந்து வந்த எண்ணெய்தானே அது?

ஆகவும் இருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம். நம் மலைகளின் ஊற்றுகளில் இரும்பு அதிகம். இரும்பைத் தின்று வாழும் நுண்ணுயிர்களும் இதே மாதிரி மினுங்கும் படலம் விடும். ஒரு குச்சியால் படலத்தைக் கலைத்துப் பாருங்கள். கண்ணாடித் துண்டுபோல உடைந்து தனித்தனியே நின்றால் அது இரும்பு நுண்ணுயிர். சுழன்று மறுபடி ஒன்றாகச் சேர்ந்தால் எண்ணெய். பக்கத்தில் செம்மண் நிறத்தில் வழுவழுப்பான சேறு இருந்தாலும் இரும்பு என்றே முதலில் நினைக்கலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. முன்பு இல்லாத செந்நிறச் சேறு செட்டுக்குக் கீழ்ப்பக்கம் புதிதாகத் தோன்றினால் அதையும் சொல்லுங்கள். காரணம் 12ஆம் கேள்வியில் வரும்.

6. செட் ரோட்டுக்கு மேலே, எங்கள் லயம் நேர் கீழே. எங்களுக்குத்தான் முதலில் வருமா?

பெரும்பாலும் நிலத்தடி நீரும் சரிவைப் பின்பற்றியே இறங்கும். அதனால் கீழே இருப்பவர்களை முதலில் பார்க்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நேர் கீழே என்பது எப்போதும் பொருந்தாது. மத்திய மலைநாட்டின் அடியில் இருப்பது நைஸ், சார்னொக்கைற், குவாட்சைற் போன்ற மிகப் பழைய கடும்பாறை. பாறைக்குள் தண்ணீர் ஊறாது, வெடிப்புகள் வழியாகத்தான் ஓடும். அதன்மேல் மக்கிய பாறையும் களிமண்ணும் கலந்த போர்வை ஒன்று உண்டு. ஆழமில்லாத கிணறுகளும் பல பீலிகளும் அந்தப் போர்வையிலிருந்து நீர் பெறுபவை.

மாசு போர்வைக்குள் இருக்கும்வரை அதன் வழி ஓரளவு கணிக்கக்கூடியது. வெடிப்புக்குள் இறங்கிவிட்டால், பக்கத்து லயத்தை விட்டுவிட்டுத் தூரத்து ஊற்றில் போய் எட்டிப்பார்க்கும். பாறை வெடிப்புகள் எவ்வளவு தூரம் தொடர்புபட்டவை என்பதைப் பண்டாரவளைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2014இன் இறுதியில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் நீர் பாய்ந்தபோது, மேலே ஊருக்குள் இருந்த கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின.

ஆகையால் செட்டைச் சுற்றியுள்ள எல்லாக் கிணறு, பீலி, ஊற்றுகளையும் முதலில் பட்டியலிட வேண்டும். இந்த வேலையை ஊர்க்காரர்களை விட நன்றாக யாரும் செய்ய முடியாது. எந்த ஊற்று எந்த மாதம் வற்றும், எது வற்றாது என்பது வயதானவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்வதை எழுதி அதிகாரிகளிடம் கொடுங்கள். வரைபடத்தில் இல்லாத தகவல் அது.

7. செட் வளவில் பூட்டுப் போட்ட குழாய்களை நட்டிருக்கிறார்களே, அவை எதற்கு? ஒரு கிணற்றில் பார்த்தால் போதாதா?

அவை கண்காணிப்புக் கிணறுகள். நீர்மட்டத்துக்குக் கீழே போகும் பிளாஸ்டிக் குழாயில் மெல்லிய கீறல்கள் இருக்கும். வெளியே சுற்றி மணல் வடிகட்டியும், மேல்பகுதியில் மழைநீர் இறங்காதபடி பெந்தனைற்று என்ற, நனைந்தால் உப்பும் களிமண்ணால் அடைப்பும் உண்டு. தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று அறியவே ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளாவது வேண்டும். மூன்றிலும் நீர்மட்டத்தின் உயரத்தை அளந்தால்தான் சாய்வு தெரியும். செட்டுக்கு மேலே ஒன்று இருக்க வேண்டும். மாசு மேலேயே இருக்கிறதா, செட்டில்தான் சேர்கிறதா என்று அதுதான் காட்டும்.

மூடியைத் திறக்காதீர்கள், கல் போடாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். ஒரு கல் விழுந்து அடைத்தால் அந்தக் கிணற்றின் பல வருடத் தொடர்ச்சி அறுந்துவிடும்.

8. நாங்களே ஒரு போத்தலில் பிடித்துக் கொடுத்தால் சோதிக்க மாட்டார்களா?

சோடாப் போத்தலில் பிடித்த தண்ணீரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பென்சீன் காற்றுக்குப் பறந்துவிடும் பொருள். போத்தலில் அரை அங்குலம் வெற்றிடம் இருந்தாலே அதில் ஒரு பகுதி அங்கே ஏறிவிடும். பிளாஸ்டிக்கும் கொஞ்சம் உறிஞ்சும். 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பியில் ஒரு குமிழிகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, கவிழ்த்துப் பார்த்து, அமிலம் சேர்த்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, 14 நாளுக்குள் ஆய்வுகூடத்தில் பகுக்க வேண்டும். கிணற்றில் நின்ற பழைய தண்ணீரை முதலில் இறைத்துவிட்டு, புதிதாக ஊறி வருவதைத்தான் எடுக்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடிய முக்கியமான காரியம் வேறு. மாதிரி எடுப்பவர் வரும்போது பக்கத்தில் நில்லுங்கள். குப்பியில் எழுதும் இடம், திகதி, நேரம் ஆகியவற்றை உங்கள் கொப்பியிலும் எழுதுங்கள். அறிக்கை வந்ததும் அதே குப்பியின் எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கூட நிற்பதற்கு எவரும் தடை சொன்னால் ஏன் என்று கேட்பது உங்கள் உரிமை.

9. மே மாதம் சோதித்தார்கள், ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தது. அதோடு முடிந்ததா?

முடியவில்லை. இந்த ஒரு பதிலுக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலாவது, ‘கண்டறியப்படவில்லை’ என்றால் இல்லை என்று அர்த்தமல்ல. அந்தக் கருவியால் காணக்கூடிய குறைந்த அளவை விடக் கீழே என்பதுதான் பொருள். அந்தக் குறைந்த அளவு எவ்வளவு என்று அறிக்கையில் தேடுங்கள். அது 10 மைக்ரோகிராமை விடப் பெரிதாக இருந்தால், பென்சீனைப் பொறுத்தவரை அந்த அறிக்கை எதையும் சொல்லவில்லை.

இரண்டாவது, நம் மலைகளில் நீர்மட்டம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. மழையில் ஏறும், வரட்சியில் இறங்கும். மிதக்கும் எண்ணெய்ப் படலமும் கூடவே ஏறி இறங்கி, இடைப்பட்ட மண் முழுவதையும் பூசிவிடுகிறது. வரட்சியில் அந்த மண்ணிலிருந்து எண்ணெய் வடிந்து கிணற்றில் திரளும். மழையில் நீர்மட்டம் ஏறும்போது எண்ணெய் மண்ணுக்குள் சிறைப்பட்டு, கிணற்றில் காணாமல் போகும். ஆனால் கரைவது நிற்காது. ஒரே தேயிலைத் தூளில் மறுபடி மறுபடி சுடுதண்ணீர் ஊற்றினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சாயம் இறங்குவது போல, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் இறங்கும். பெருமழையில் அது ஐதாகி அளவு குறைவாகத் தெரிவதும் உண்டு.

ஆகவே ஒரு பருவத்தின் அறிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே பெப்ரவரி, மார்ச் வரட்சியிலும் ஒரு மாதிரி எடுக்க வேண்டும், மழை உச்சத்திலும் ஒன்று எடுக்க வேண்டும். பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் கணக்கு மாறும். ஜூலை, ஓகஸ்டில் காய்ந்து கிடக்கும், ஒக்டோபருக்குப் பின் தண்ணீர் ஏறும். கொழும்பிலிருந்து ஒரே அட்டவணை போட்டு இரண்டு சரிவுக்கும் ஒரே மாதத்தில் ஆள் அனுப்பினால், ஒரு பக்கத்தின் உண்மை எப்போதும் தப்பிப்போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் இரண்டு பருவமும் அகப்படும். அதையே கேளுங்கள்.

10. மண்ணைத் தோண்டி அள்ளிவிட்டால் ஒரேயடியாக முடியுமே?

தாங்கியையும் அதைச் சுற்றிய ஊறிய மண்ணையும் எடுப்பது கட்டாயம். மூலம் அங்கே இருக்கும்வரை மற்ற எந்த வேலையும் பாதி வீண். ஆனால் மலைச்சரிவில் ரோட்டோரமாக ஆழக் குழி வெட்டுவது விளையாட்டல்ல. மேல்பக்கத்து மண் சரியலாம், ரோட்டே இறங்கலாம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையும், தேவையான இடத்தில் தாங்கு சுவரும், மழையில்லாத மாதமும் வேண்டும்.

அள்ளிய மண் எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். பள்ளத்தாக்கில் கொட்டினால், அங்கிருந்து கெசல்கமு ஓயாவோ நானு ஓயாவோதான் அடுத்த நிறுத்தம். நம் ஓடைகள் களனிக்கும் மகாவலிக்கும் தலைநீர் என்பதை மறந்துவிடக்கூடாது.

11. பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால் சுத்தமாகாதா?

மிதக்கும் படலத்தை இறைத்தோ வழித்தோ எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். கரைந்த மாசுள்ள நீரை இறைத்து, காற்றூட்டி, கரி வழியாக விட்டுச் சுத்திகரிப்பதும் வழக்கமான முறைதான். மாசு கீழே நகராமல் தடுத்து நிறுத்த அது நன்றாக உதவும். ஆனால் மண்ணில் ஒட்டியிருப்பது (கேள்வி 9) மெதுவாகவே கரைந்து வருவதால், பம்பை நிறுத்தியதும் அளவு மறுபடி ஏறும். அளவு விழுந்த மாதமே பம்பைக் கழற்றிக்கொண்டு போக விடாதீர்கள்.

மண்ணுக்குள்ளிருந்து ஆவியை உறிஞ்சி எடுக்கும் முறையும் உண்டு. மணற்பாங்கான மண்ணில் அது சிறப்பாக வேலை செய்யும். நம் பக்கத்துக் களிமண்ணில் காற்று சுலபமாக ஓடாது. ஒப்பந்தக்காரர் அதை முன்மொழிந்தால், முதலில் சிறிய அளவில் சோதித்துக் காட்டச் சொல்வது நியாயம்.

12. கிருமிகளே எண்ணெயைத் தின்றுவிடும், விட்டுவிடுங்கள் என்கிறார்களே. உண்மையா, சாக்குப்போக்கா?

பாதிக்கு மேல் உண்மை. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் பென்சீனையும் அதன் கூட்டத்தையும் உணவாக்கிக்கொள்கின்றன. முதலில் நீரிலுள்ள ஒட்சிசனைச் செலவழிக்கும். அது தீர்ந்ததும் நைத்திரேற்று, பிறகு இரும்பு, சல்பேற்று என்று போகும். அப்போது மண்ணிலிருந்த இரும்பு கரைந்து நீரோடு வெளியே வந்து செந்நிறமாகப் படியும். 5ஆம் கேள்வியில் புதிய செந்நிறச் சேற்றைப் பற்றிச் சொன்னது இதனால்தான்.

ஆனால் இந்த முறை வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டுமானால் அளந்து காட்ட வேண்டும். ஒவ்வொரு கிணற்றிலும் பென்சீன் குறைகிறதா, ஒட்சிசனும் சல்பேற்றும் மாசின் நடுவில் குறைந்திருக்கிறதா, கரைந்த இரும்பு கூடியிருக்கிறதா என்று வருடக்கணக்கில் பார்க்க வேண்டும். மூலத்தை எடுத்த பின், குடிப்பவர் எவரும் கீழே இல்லாத இடத்தில் இதை ஏற்கலாம். கீழே பீலி இருக்கும் இடத்தில், அளவும் இல்லாமல் கால எல்லையும் இல்லாமல் ‘இயற்கை பார்த்துக்கொள்ளும்’ என்றால் நான் ஏற்கமாட்டேன், நீங்களும் ஏற்காதீர்கள்.

13. எங்கள் கடை ரோட்டு மட்டத்தில், அதன் கீழே இரண்டு தட்டு. கீழ்த்தட்டில் மழை நாளில் பெற்றோல் வாடை. என்ன செய்வது?

இதற்குக் காத்திருக்க வேண்டாம். மற்றக் கேள்விகள் வருடங்களைப் பற்றியவை, இது இன்றைக்குச் செய்ய வேண்டியது. பெற்றோல் ஆவி காற்றை விடக் கனமானது. மண்ணுக்குள்ளிருந்து வந்து கீழ்த்தட்டு அறை, மலசலகூடக் குழி, வடிகான் ஆகியவற்றில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு அளவுக்குச் சேர்ந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். கேஸ் அடுப்பு, குப்பி விளக்கு, ஊதுபத்தி எதையும் பற்றவைக்காதீர்கள். மின் சுவிட்சைப் போடவோ அணைக்கவோ வேண்டாம். கதவு சன்னலைத் திறந்துவிட்டு வெளியேறி, பிரதேச சபைக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள். பிள்ளைகளை அங்கே தூங்கவிடாதீர்கள்.

14. அந்தத் தண்ணீரை மரக்கறித் தோட்டத்துக்கு விடலாமா? கரட் கழுவலாமா?

சோதனை முடியும்வரை வேண்டாம். தெளிக்கும்போது பென்சீனின் பெரும்பகுதி காற்றில் போய்விடும் என்பது உண்மைதான். டீசல் அப்படிப் போகாது, மண்ணிலும் இலையிலும் ஒட்டும். கழுவுவதற்கு அதைவிடக் கவனம் தேவை. அறுவடைக்குப் பின் லொறியில் ஏறும் கரட்டில் கடைசியாகப் படும் தண்ணீர் அதுதான்.

15. செலவு யாருடையது? நாங்கள் யாரிடம் போவது?

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நம் உயர் நீதிமன்றமே நடைமுறைப்படுத்தியிருக்கிறது. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் ஒரு மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்தது தொடர்பான அடிப்படை உரிமை வழக்கில், 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, பாதிக்கப்பட்டவர்களுக்காக இரண்டு கோடி ரூபாய் செலுத்தும்படி அந்த நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. அங்கே சுண்ணாம்புக்கல், இங்கே கடும்பாறை. நிலம் மாறினாலும் அந்தக் கோட்பாடு இங்கேயும் பொருந்தும்.

முதலில் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பிரதேச சபையிடமும் எழுத்தில் கொடுங்கள். பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். அடுத்தது மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அதற்கு அதிகாரம் உண்டு. தோட்ட நிலமாக இருந்தால் தோட்ட முகாமையாளருக்கும் ஒரு பிரதி. தனித்தனியாகப் போகாமல், 6ஆம் கேள்வியில் சொன்ன ஊற்றுப் பட்டியலோடு ஊராகப் போங்கள். வாய்ப்பேச்சாகக் கொடுத்த முறைப்பாடு அதிகாரி மாற்றலாகிப் போனதும் அவரோடு போய்விடும்.

16. தோட்டத் தொழிற்சாலையின் பழைய டீசல் தாங்கிக்கும் இதேதானா?

ஆம். ஒரு வேறுபாடு, டீசலில் பென்சீன் மிகக் குறைவு, ஆனால் மண்ணில் நெடுங்காலம் நிற்கும். ஆகவே பென்சீனை மட்டும் சோதித்துவிட்டு நல்லது என்று சொல்லக்கூடாது. மொத்தப் பெற்றோலிய ஐதரோகாபனையும், அதாவது எண்ணெய்ப் பொருட்கள் எல்லாம் சேர்ந்த அளவையும், அளக்கச் சொல்லுங்கள்.

17. சரி, எப்போதுதான் சுத்தம் என்று நம்பலாம்? அதற்குப் பிறகு அந்தக் குழாய்களை என்ன செய்வது?

என் கருத்தில் மூன்றும் சேர்ந்து நிறைவேற வேண்டும். எந்தக் கிணற்றிலும் மிதக்கும் எண்ணெய் இல்லை. சுத்திகரிப்பை நிறுத்திய பிறகு இரண்டு முழு வருடம், மழையிலும் வரட்சியிலும், எல்லாக் கிணறுகளும் எல்லைக்குக் கீழே. கீழ்ப்பக்கத்துப் பீலிகளும் அதே சோதனையில் தேறியிருக்கின்றன. சராசரி காட்டி ஏமாற இடம் கொடுக்காதீர்கள். ஒன்பது கிணறு நல்லதாக இருந்து பத்தாவது உங்கள் பீலிக்கு மேலே இருந்தால், உங்களுக்கு அந்தப் பத்தாவதுதான் கணக்கு. ஆய்வுகூடத்தின் மூல அறிக்கைகளின் பிரதி ஊரிடமும் இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு கண்காணிப்புக் கிணறுகளை அப்படியே விட்டுவிடக்கூடாது. மூடி உடைந்த குழாய், ரோட்டில் ஓடும் எண்ணெயும் அழுக்கும் நேராக நிலத்தடி நீருக்கு இறங்கும் வழி. ஒவ்வொன்றையும் அடியிலிருந்து மேல்வரை சீமெந்தும் பெந்தனைற்றும் கலந்த கலவையால் நிரப்பி அடைக்க வேண்டும். அடைத்த திகதியையும் இடத்தையும் பிரதேச சபையின் கோப்பில் பதியச் சொல்லுங்கள். பிறகொரு நாள் அங்கே வீடு கட்ட வருபவர் அதைத் தேடுவார்.